யாரோடு உட்காருவது?

விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன ஆண்டு 1988. அந்தப் பட்டத்தை அவருக்கு உறுதிசெய்த வெற்றி மாஸ்கோவிலோ லண்டனிலோ கிடைத்ததல்ல. கோயமுத்தூரில் கிடைத்தது. பொள்ளாச்சி நா. மகாலிங்கத்தின் சக்தி குழுமத்தைச் சேர்ந்த சக்தி ஃபைனான்ஸ் பெயரில் நடந்த சர்வதேசப் போட்டி அது. ஆனந்துக்கு அப்போது 18 வயது. பஞ்சாலைகளுக்கும் மோட்டார் பம்புகளுக்கும் பேர்போன ஊரில் இந்தியச் சதுரங்கத்தின் பெரிய பூட்டு ஒன்று திறந்தது என்பது நம் ஊர்க்காரர்கள் பலருக்கே தெரியாது. தெரிய வேண்டிய செய்தி.

பூட்டு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கிராண்ட்மாஸ்டர் பட்டத்தைப் பரீட்சை எழுதி வாங்க முடியாது. பலமான ஆட்டக்காரர்களை நேரில் சந்தித்து, அவர்களுக்கு எதிராகக் குறிப்பிட்ட அளவுக்கு மேல் புள்ளி எடுக்க வேண்டும். இந்தத் தகுதிக்கு 'நார்ம்' என்று பெயர். இன்றைய விதிப்படி ஒரு நார்முக்குப் பொதுவாக ஒன்பது ஆட்டங்கள். எதிரே உட்காருகிறவர்களில் குறைந்தது மூன்று பேர் கிராண்ட்மாஸ்டர்களாக இருக்க வேண்டும். எதிராளிகளின் சராசரி ரேட்டிங், அதாவது ஆட்டபலத்தைக் குறிக்கும் எண், 2380-க்குக் குறையக் கூடாது. அந்தப் போட்டியில் ஆடியவரின் ஆட்டத்தரம் அதே அளவுகோலில் 2600-ஐ எட்ட வேண்டும். வெளிநாட்டுக்காரர்களும் கலந்திருக்க வேண்டும். நாட்டில் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லாதபோது இந்த விதி என்ன செய்யும்? கிராண்ட்மாஸ்டர் ஆக வேண்டுமென்றால் கிராண்ட்மாஸ்டர்களோடு ஆட வேண்டும். ஆடுவதற்கு ஒருவரும் இல்லை. மானுவல் ஆரோன் 1961-இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அடுத்த படியில் ஒருவர் கால் வைக்க இன்னும் 27 ஆண்டுகள் ஆயின. திறமை இல்லாததால் வந்த தாமதம் என்று நான் நம்பவில்லை. எதிராளி இல்லாததும் அதற்குப் பெரிய காரணம்.

இதற்கு இரண்டு வழிதான் உண்டு. பையனைக் கப்பலேற்றி ஐரோப்பாவுக்கு அனுப்பலாம். அல்லது பலசாலிகளை நம் ஊருக்கு வரவழைக்கலாம். கோவைப் போட்டி இரண்டாவது வழி. தன்னைவிடப் பலமானவரோடு உட்காரலாமா, கூடாதா என்ற கேள்வியைப் பொதுவாகத் துணிச்சலைப் பற்றிய கேள்வியாகவே பேசுகிறோம். துணிந்தவன் உட்காருவான், பயந்தவன் எழுந்து போவான் என்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. தோற்றால் என்ன விலை கொடுக்க வேண்டும், அந்த விலை எதிராளியின் பலத்துக்குத் தக்கபடி குறைகிறதா என்பதே கேள்வியின் உயிர். சதுரங்கத்தில் குறைகிறது. பணம் வைத்து ஆடும் போக்கரில் குறைவதில்லை. இந்த ஒரு வித்தியாசம் எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்போம்.

*

முதலில் சேவல்கட்டைப் பார்ப்போம். கரூர் மாவட்டம் அரவக்குறிச்சிப் பக்கம் பூலாம்வலசில் பொங்கலை ஒட்டி நடக்கும் சேவல்கட்டு கொங்கு நாடு முழுக்கத் தெரிந்தது. காகம், கீரி, மயில், வல்லூறு என்று நிறத்தை வைத்துச் சேவல்களுக்குப் பெயர். கட்டு தொடங்குவதற்கு முன் நடக்கும் வேலையைக் கவனிக்க வேண்டும். சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நடக்கிறார்கள். இன்னொருவர் சேவலுக்குப் பக்கத்தில் தன் சேவலைப் பிடித்து உயரம் பார்க்கிறார்கள். கையில் தூக்கிக் கனம் பார்க்கிறார்கள், நெஞ்சைத் தடவிப் பார்க்கிறார்கள், காலைப் பிடித்துப் பார்க்கிறார்கள். ஜோடி ஒத்துவராவிட்டால் பேச்சு அவ்வளவுதான். அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்கள். அதை யாரும் கோழைத்தனம் என்று சொல்வதில்லை. தோற்ற சேவல் 'கோச்சை' என்ற பெயரோடு ஜெயித்தவர் கைக்குப் போய்விடும். மாதக்கணக்கில் தீனி போட்டு, நீச்சல் விட்டு, ராத்திரியெல்லாம் கண்விழித்து வளர்த்த உயிர் ஒரே நாளில் போகும். தோல்வியின் விலை முழு விலையாக இருக்கும் இடத்தில் மனிதர்கள் சமமான ஜோடி தேடுகிறார்கள். ஆயிரம் பேர் பார்க்க, வெட்கமில்லாமல் மறுக்கிறார்கள். (சேவல்களின் வதை பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு, அதற்கு வேறு இடம் வேண்டும்.)

*

இப்போது ஓர் ஓபன் செஸ் போட்டிக்குப் போவோம். கோவை, திருப்பூர், ஈரோடு என்று எந்த ஊரானாலும் காட்சி ஒன்றுதான். பள்ளி அரங்கம், நீள மேசைகள், வரிசையாகப் போர்டுகள். யாரோடு யார் ஆடுவது என்று காட்டச் சுவரில் ஒட்டிய பேரிங் தாளைச் சுற்றிப் பிள்ளைகள் கூட்டம். வெளியே வேப்பமர நிழலில் தண்ணீர் பாட்டிலும் டிஃபன் டப்பாவுமாகப் பெற்றோர். அங்கே அடிக்கடி காதில் விழும் பேச்சு இப்படிப் போகும்:

"ஏனுங் சார், பையன் 1500-ங். அந்த செக்‌ஷன்ல எல்லாரும் 1900-ன்னு சொல்றாங்க. போட்டா அடி வாங்கி, இருக்கற ரேட்டிங்கும் போயிருமுங்களே?"

"தோத்தா மூணு பாயிண்ட் போகுமுங்க. அவ்வளவுதான். போடுங்க."

பயிற்சியாளர் சொன்ன அந்த மூன்று புள்ளிக்குப் பின்னால் ஓர் அழகான கணிதம் இருக்கிறது. அதை உருவாக்கியவர் ஆர்பாட் எலோ. ஹங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பித்தவர். அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இல் எடுத்துக்கொண்டது. உலக அமைப்பான ஃபிடே 1970-இல். அவர் செய்தது இதுதான்: ஆட்டம் தொடங்கும் முன்பே, இரண்டு ரேட்டிங்குகளின் இடைவெளியை மட்டும் வைத்து, யார் எவ்வளவு புள்ளி எடுப்பார் என்று எதிர்பார்ப்பதைக் கணக்கிட்டார். இடைவெளி 200 என்றால் பலசாலி நூறு ஆட்டத்தில் 76 புள்ளி எடுப்பார். 400 என்றால் 92. ஆட்டம் முடிந்ததும், எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே ரேட்டிங்கில் கூட்டுவார்கள், கழிப்பார்கள்.

நம் பையனுக்கு வருவோம். 1500-க்கும் 1900-க்கும் இடைவெளி 400. அவனிடம் எதிர்பார்ப்பது 0.08 புள்ளி. சிறுவர்களுக்கு அந்த வித்தியாசத்தை 40-ஆல் பெருக்குகிறார்கள். ஆகவே தோற்றால் 3.2 புள்ளி இறங்கும். டிரா செய்தால் 16.8 ஏறும். ஜெயித்தால் 36.8 ஏறும். நூறு ஆட்டத்தில் எட்டில் மட்டும் ஜெயித்து 92-இல் தோற்றாலும் அவன் ரேட்டிங் இருந்த இடத்திலேயே இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: எட்டு வெற்றிக்கு 294.4 வரவு, 92 தோல்விக்கு 294.4 செலவு. தோல்வியின் விலையை எதிராளியின் பலம் தள்ளுபடி செய்துவிடுகிறது. பையனுடைய உண்மையான பலம் 1500-க்கு மேல் என்றால் (வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்படித்தான், ரேட்டிங் எப்போதும் பின்னாலேயே ஓடிவரும்) ஒவ்வொரு ஆட்டமும் சராசரியில் அவனுக்கு லாபம்.

பயப்பட வேண்டியவர் எதிரே இருக்கும் 1900 அங்கிள்தான். அவருக்குப் பெருக்கும் எண் பொதுவாக 20. ஜெயித்தால் 1.6 கிடைக்கும், அந்தப் பொடியனிடம் தோற்றால் 18.4 போய்விடும். ரேட்டிங்கைவிடப் பலமாக ஆடும் இந்தியச் சிறுவர்களைக் கண்டு வெளிநாட்டுக்காரர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். உலகெங்கும் கீழ்மட்ட ரேட்டிங்குகள் உண்மைப் பலத்தைவிடத் தாழ்ந்து கிடப்பதை ஃபிடேயே ஒப்புக்கொண்டு, 2024 மார்ச்சில் ஒரே வீச்சில் திருத்தியது. 2000-க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000-ஐ எட்டத் தேவையான இடைவெளியில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூட்டிக் கொடுத்தது. 1500-இல் இருந்தவர் 1700 ஆனார். அளவுகோல் கோணலானால், பலசாலி யார் என்ற கேள்வியே கோணலாகிவிடும்.

போட்டி நடத்தும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவிஸ் முறை என்கிறார்கள். 1895-இல் சூரிச் நகரில் முதலில் பயன்படுத்தியது. ஜெயித்தவர் ஜெயித்தவரோடு, தோற்றவர் தோற்றவரோடு. முதல் சுற்றில் அடி வாங்கிய பிள்ளைக்கு நாலாவது ஐந்தாவது சுற்றில் தனக்குச் சமமான ஆள் தானாக வந்து சேருவான். பூலாம்வலசில் கையால் தூக்கிப் பார்த்துச் செய்வதை இங்கே பேரிங் தாள் செய்துவிடுகிறது.

சென்னையில் ஆனந்த் வளர்ந்த டால் செஸ் கிளப்பில் இதைவிட எளிய முறை. பிளிட்ஸ் எனும் அதிவேக ஆட்டத்தில் ஜெயித்தவர் நாற்காலியில் இருப்பார், தோற்றவர் எழுந்து மறுபடி வரிசையில் நிற்பார். தோல்வியின் விலை கொஞ்ச நேரக் காத்திருப்பு. அந்த விலையில் ஒரு சிறுவன் ஊரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் தோற்கலாம்.

*

எவ்வளவு தோற்றால் நல்லது? 2019-இல் ராபர்ட் வில்சனும் கூட்டாளிகளும் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். இதுவா அதுவா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையில், தவறிலிருந்து படிப்படியாகத் திருத்திக்கொள்ளும் கணினி நிரல் எப்போது மிக வேகமாகக் கற்கும்? சுமார் 85 விழுக்காடு சரியாகவும் 15 விழுக்காடு தவறாகவும் செய்யும் அளவுக்குக் கடினமாக வேலை இருக்கும்போது. எல்லாம் சரியானால் கற்க ஒன்றும் இல்லை. பாதிக்குப் பாதி தவறினால் எது சரி என்றே பிடிபடாது.

இந்த எண்ணை அப்படியே தூக்கிவந்து 'நூற்றுக்கு 85 ஆட்டம் ஜெயிக்கிற இடத்தில் பிள்ளையைச் சேருங்கள்' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறான வாசிப்பு. ஆய்வு பேசுவது ஒவ்வொரு முடிவைப் பற்றி. ஆட்டத்தின் வெற்றி தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. ஓர் ஆட்டத்தில் 40 நகர்த்தல் என்றால் 40 முடிவுகள். நம்மைவிட 300 புள்ளி மேலே இருப்பவரிடம் தோற்கும்போதுகூட அதில் பெரும்பாலான நகர்த்தல்கள் சரியாகவே இருக்கும். நாலைந்தில்தான் கோட்டை விட்டிருப்போம். பலசாலி அந்த நாலைந்தையும் சும்மா விடமாட்டார். சமமானவர் இரண்டைப் பார்க்காமல் விட்டுவிடுவார். நாமும் அதைத் தவறென்று அறியாமலே வீட்டுக்குப் போவோம்.

பலசாலியோடு ஆடுவதன் முழு லாபமும் இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். அவர் நம் தவறுக்கு உடனே தண்டனை தருகிறார். ஆட்டம் முடிந்ததும் நகர்த்தல்களை எழுதிய தாள் கையில் இருக்கிறது; கணினியில் போட்டுப் பார்த்தால் 23-ஆவது நகர்த்தலில் குதிரையை எடுத்தது தப்பு என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். காரணமும் விளைவும் ஒட்டிக்கொண்டு கிடைக்கின்றன.

தோற்றுத் தோற்றுத் திருத்திக்கொள்ளும் இந்த வழியில்தான் இயந்திரங்களும் வளர்ந்தன. 2017-இல் டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோ ஜீரோ, கோ விளையாட்டின் விதிகளை மட்டும் தெரிந்துகொண்டு, தன்னோடு தானே ஆடிக் கற்றது. தன்னோடு ஆடுகிறவருக்கு எதிராளி எப்போதும் சரிசமம். தான் ஒரு படி ஏறினால் எதிராளியும் ஒரு படி ஏறுவார். மூன்று நாளில் அது தன் முன்னோடியை நூற்றுக்கு நூறு ஆட்டம் வென்றது. தோல்விக்கு விலையே இல்லாத இடத்தில் கற்றல் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

*

இனி போக்கர். ஒவ்வொருவர் கையிலும் மறைவாக இரண்டு சீட்டு. மேசை நடுவே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, படிப்படியாகத் திறக்கும். ஒவ்வொரு படியிலும் பணம் கட்டலாம், ஏற்றலாம், சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்கலாம். ரம்மிக்குப் பழகிய கொங்குக் கைகளுக்குச் செல்பேசி வழியாக இந்த ஆட்டமும் வந்து சேர்ந்தது.

இது திறன் ஆட்டமா, குருட்டு அதிர்ஷ்டமா? திறன் நிச்சயமாக இருக்கிறது. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட்டும் தாமஸ் மைல்ஸும் 2010-ஆம் ஆண்டின் போக்கர் உலகத் தொடரை ஆராய்ந்தார்கள். தொடர் தொடங்கும் முன்பே கெட்டிக்காரர்கள் என்று அடையாளம் காணப்பட்டவர்கள் கட்டிய பணத்துக்குச் சராசரியாக 30 விழுக்காட்டுக்கு மேல் லாபம் எடுத்தார்கள். மற்றவர்கள் 15 விழுக்காடு இழந்தார்கள்.

இரண்டாவது எண்ணைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். மேசையில் பணம் விளைவதில்லை. ஒருவர் எடுப்பது இன்னொருவர் விட்டது. அதோடு மேசை நடத்துகிறவர் நடுவில் சேரும் பணத்திலிருந்து ஒவ்வொரு முறையும் கமிஷன் எடுக்கிறார். ஆறு பேர் சரிசமமான பலத்தோடு உட்கார்ந்தால் என்ன ஆகும்? நாள் போகப் போக ஆறு பேரும் தோற்பார்கள், கமிஷன் போன அளவுக்கு. சதுரங்கத்தில் கற்பதற்கு மிக நல்ல எதிராளி நமக்குச் சமமானவர் அல்லது கொஞ்சம் மேலே இருப்பவர். கமிஷன் உள்ள மேசையில் சமமான எதிராளியே நஷ்டம். பலசாலி இன்னும் பெரிய நஷ்டம். லாபம் வர வேண்டுமென்றால் நம்மைவிட நன்றாகவே பலவீனமான ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்கள் சீட்டைப் பார்ப்பதற்கு முன் மேசையைப் பார்ப்பது இதனால்தான்.

எண்களில் போட்டுப் பார்ப்போம். சீட்டைப் போட்டதிலிருந்து பணம் ஒருவர் பக்கம் போகும் வரையிலான ஓர் ஆட்டத்தைக் 'கை' என்பார்கள். ஒவ்வொரு கையிலும் ஒருவர் கட்டாயமாக முன்னால் வைக்கும் பெரிய தொகையைப் பிக் பிளைண்ட் என்பார்கள்; அது 10 ரூபாய் என்று வையுங்கள். நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பலவீனமான மேசையில் நூறு கைக்குச் சராசரியாக 50 ரூபாய் ஜெயிக்கிறார். நல்ல வீதம்தான். ஆனால் அந்த நூறு கையில் ஏற்ற இறக்கம், அதாவது திட்ட விலக்கம், சுமார் 900 ரூபாய். லாபம் 50, ஆட்டம் காணும் அளவு 900. பத்தாயிரம் கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 5,000 ரூபாய், விலக்கம் 9,000. ஆக, உண்மையிலேயே கெட்டிக்காரரான இவருக்கே, பத்தாயிரம் கைக்குப் பிறகு நஷ்டத்தில் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 29. நேரில் உட்கார்ந்து ஆடினால் மணிக்குச் சுமார் 30 கை ஓடும். சனி ஞாயிறு தலா நாலு மணி நேரம் ஆடினால் பத்தாயிரம் கைக்கு ஏறத்தாழ பத்து மாதம் ஆகும்.

மறுபக்கம் இன்னும் மோசம். நூறு கைக்கு 25 ரூபாய் தோற்கிற ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதே பத்து மாத முடிவில் அவர் லாபத்தில் நிற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 39. தான் தேறிவிட்டதாக அவர் மனதார நம்புவார். கணக்கு நோட்டும் அப்படித்தான் சொல்லும். அந்த நம்பிக்கையோடு பெரிய தொகை மேசைக்கு, பலசாலிகளிடம் போவார்.

சதுரங்கத்தில் பலசாலி தந்த பாடம் இங்கே கிடைப்பதில்லை. சரியாக ஆடித் தோற்கிறோம், தப்பாக ஆடி ஜெயிக்கிறோம். எதிராளி சீட்டைக் காட்டாமல் போட்டுவிட்டால், அந்தக் கையில் நாம் செய்தது சரியா தப்பா என்பது கடைசிவரை தெரியாது. கட்டணம் உடனே வசூலாகிறது. பாடம் எப்போது வரும் என்று தெரியாது.

எவ்வளவு பணம் வைத்திருந்தால் தாங்கும்? அதற்கும் ஒரு பழைய நிகழ்தகவுச் சூத்திரம் உண்டு. நம் கெட்டிக்காரரிடம் 20,000 ரூபாய் இருக்கிறது, வேறு வருமானம் இல்லை, ஆடிக்கொண்டே இருக்கிறார். என்றாவது ஒருநாள் மொத்தப் பணமும் கரையும் வாய்ப்பு நூற்றுக்கு எட்டரை. இப்போது அவர் கொஞ்சம் பலமான மேசைக்கு மாறுகிறார். அதே தொகை, அதே ஏற்ற இறக்கம். லாபம் மட்டும் 50-லிருந்து 25 ஆகிறது. கரையும் வாய்ப்பு 29-க்குத் தாவுகிறது. லாபம் பாதியானபோது ஆபத்து மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. லாபம் பூஜ்யமாகிவிட்டால், அல்லது அதற்கும் கீழே போனால், எவ்வளவு பணம் வைத்திருந்தாலும் சரி, ஆடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் கரைந்தே தீரும். 20,000 என்ற இடத்தில் ஒரு கோடியைப் போட்டாலும் அதன் விடை மாறாது, நாள்தான் தள்ளிப்போகும்.

*

இந்தக் கணக்கு நீதிமன்றங்களுக்கும் போயிருக்கிறது, வேறு பெயரில். ரம்மியில் திறனே மேலோங்கி நிற்கிறது என்று உச்ச நீதிமன்றம் 1968-இல் ஆந்திரத்திலிருந்து வந்த வழக்கில் சொன்னது. 1996-இல் தமிழ்நாட்டுக் குதிரைப் பந்தய வழக்கில் அதே அளவுகோலை மறுபடி எடுத்தது. திறன் ஆட்டம் என்றால் சூதாட்டம் ஆகாது என்பதே இந்த வாதத்தின் சாரம். இணையத்தில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டில் அடுத்தடுத்து வந்தபோது, அரசு 2022-இல் நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. அதன் பின் வந்த சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தின் மற்ற பகுதிகளை ஏற்றுக்கொண்டாலும், அந்தப் பட்டியலை மட்டும் நீக்கிவிட்டது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த சட்டம் திறனா அதிர்ஷ்டமா என்ற பிரிவையே ஒதுக்கிவைத்து, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடைசெய்தது.

சட்ட நுணுக்கத்துக்குள் போகும் தகுதி எனக்கு இல்லை. கணக்குத் தெரிந்தவனாக ஒன்றைச் சொல்ல முடியும். திறன் அதிகமுள்ள ஆட்டம் பாதுகாப்பானது என்று நம் காதுக்குப் படுகிறது. உண்மை நேர் எதிர். லாட்டரிச் சீட்டு வாங்கும் புதியவருக்கும் இருபது வருடமாக வாங்குகிறவருக்கும் வாய்ப்பு ஒன்றே. போக்கரில் அப்படி இல்லை. ஆட்டத்தில் திறனின் பங்கு கூடக் கூட, பலவீனமானவரின் தோல்வி அந்த அளவுக்கு உறுதியாகிறது. திருப்பூரில் ஷிஃப்ட் முடித்து வந்து செல்பேசியைத் திறந்த பனியன் கம்பெனித் தொழிலாளியால், மேசைக்கு எதிரே யார் இருக்கிறார் என்று தூக்கிப் பார்க்க முடியவில்லை. எதிரே இருந்தவர் இரவு பகலாக அதையே தொழிலாகச் செய்கிறவராக இருந்திருக்கலாம். ஜோடி ஒத்துவரவில்லை என்று சேவலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் உரிமை தொழிலாளிக்குக் கிடைத்ததே இல்லை. 'இது திறன் ஆட்டம்' என்ற வாசகம் விளம்பரத்தில் அவருக்குத் தெம்பாகக் காட்டப்பட்டது. எச்சரிக்கையாகக் காட்டியிருக்க வேண்டும்.

*

அப்படியானால் போக்கரில் பலசாலியோடு உட்காரவே கூடாதா? உட்காரலாம், தோல்வியின் விலையை முதலில் இறக்கிவிட்டு. அதை முறையாகச் செய்து பார்த்த ஓர் இடம் உண்டு.

2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்கள் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரலுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் டுவோமஸ் சாண்ட்ஹோமும் அவருடைய மாணவர் நோம் பிரவுனும் உருவாக்கியது அது. இரண்டு பேர் மட்டும் ஆடும் போக்கர் வகையில் அதைவிடப் பலமான எதிராளி அன்று உலகத்திலேயே இல்லை. 20 நாள், 1,20,000 கை. அவ்வளவு கை எதற்கென்றால், மேலே பார்த்த ஏற்ற இறக்கத்தைத் தாண்டி யார் உண்மையில் மேல் என்று தெரிய வேண்டும். சீட்டின் அதிர்ஷ்டத்தைக் குறைக்க இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தார்கள்: ஒரு மனிதருக்கு வந்த சீட்டுகள், இன்னொரு மனிதரோடு நடக்கும் ஆட்டத்தில் இயந்திரத்துக்குப் போயின. நல்ல சீட்டு வந்தது என்று ஒருவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

நால்வரும் இரவில் ஒன்றாக உட்கார்ந்து அன்றைய கைகளைப் புரட்டி, இயந்திரத்தின் ஓட்டை எங்கே என்று தேடினார்கள். இயந்திரமும் அதே இரவில், அவர்கள் எந்தப் பக்கம் தாக்குகிறார்கள் என்று பார்த்துத் தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருந்தது. முடிவில் மனிதர்கள் 17 லட்சத்துக்கு மேல் இழந்திருந்தார்கள். வெறும் சில்லுகள். அவர்கள் பையிலிருந்து ஒரு டாலரும் போகவில்லை. போட்டிக்கென ஒதுக்கியிருந்த 2,00,000 டாலர், ஒவ்வொருவரும் எவ்வளவு குறைவாகத் தோற்றார் என்பதைப் பொறுத்து நால்வருக்கும் பிரிந்தது.